உங்கள் அண்ணன் இதைப் படித்தாரா?

போன மாதம் ஒரு பெண் தன்னுடைய எஸ்ஓபியை, அதாவது ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையை, எனக்கு அனுப்பியிருந்தாள். கிளினிக்கல் சைக்காலஜி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. "அக்கா, முதல் பத்தியை மட்டும் பாருங்க, போதும். வைக்கலாமா, எடுத்துடலாமா?" என்று கேட்டிருந்தாள். முதல் பத்தியில் அவளுடைய அப்பா இருந்தார். மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வராத அப்பா. கதவுக்கு வெளியே தட்டை வைப்பதும், தொடாத தட்டைத் திரும்ப எடுப்பதும் பள்ளிவிட்டு வரும் இவளுடைய வேலை. ஒரு நாள் தட்டில் ஒரு வாய் குறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடியிருக்கிறாள்.

நன்றாக எழுதியிருந்தாள். அதுதான் சங்கடம். சுமாராக எழுதியிருந்தால் 'எடுத்துவிடு' என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

இந்தப் படிப்பை முடித்த நாளிலிருந்து யாராவது இப்படி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது, ஆய்வு அனுபவம் குறைவாக இருக்கிறதே என்ன செய்வது, நுழைவுத் தேர்வுக்குப் புள்ளியியலை எவ்வளவு ஆழமாகப் படிப்பது, இதற்கெல்லாம் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. இந்த ஒரு கேள்விக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியிடம் வை என்றேன். ஒருவனிடம் எடு என்றேன். இன்னொருவரிடம், கடைசிப் பத்திக்கு நகர்த்திப் பாருங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். யாருக்குச் சொன்னது சரி, யாருக்குச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டு கட்சி

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. சொந்தக் கதையை விண்ணப்பத்துக்குள் கொண்டுவராதே என்பது முதல் கட்சி. அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது. 2006இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இருவர், உளவியல் மேற்படிப்புகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: மற்றபடி தேறியிருக்க வேண்டிய விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும் தவறுகள் எவை? வந்த பதில்களில் எழுத்துப் பிழை, மந்தமான பரிந்துரைக் கடிதம் எல்லாம் இருந்தன. கூடவே, தன் மனநலப் பிரச்சினையைப் பற்றி எழுதுவது, அளவுக்கு மீறி அந்தரங்கத்தைக் கொட்டுவது, உலகத்தையே கரையேற்ற வந்தவர் போலப் பேசுவது, இவையும் இருந்தன. மனநலத்தைப் படிக்க வருகிறவர் தன் மனநலத்தைப் பற்றி வாய் திறந்தால் கதவு சாத்தப்படும் என்பதில் இருக்கிற வேடிக்கை அந்தத் தலைவர்களுக்கு உறைத்ததா தெரியவில்லை.

இரண்டாவது கட்சி கதையைச் சொல் என்கிறது. எல்லோரிடமும் மதிப்பெண் இருக்கிறது, உன் கதை உன்னிடம் மட்டும்தானே இருக்கிறது என்பார்கள். இவர்கள் உடனே சொல்லும் பெயர் மார்ஷா லினஹன். டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற உளவியல் சிகிச்சை முறையை உருவாக்கியவர். தன்னை அறுத்துக்கொள்ளும், உயிரை விடத் துடிக்கும் மனிதர்களுக்காக உருவான முறை அது. 2011இல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனைக்குப் போய், 17 வயதில் நான் இங்கேதான் நோயாளியாக அடைபட்டிருந்தேன் என்று கூட்டத்தின் முன்னால் சொன்னார். கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனையும் சேர்த்துக்கொள்வார்கள். இருதுருவக் கோளாறை (பைபோலார்) பற்றி ஆராய்ந்தவர், தனக்கே அது இருப்பதை 1995இல் புத்தகமாக எழுதினார்.

ஆனால் லினஹன் அதைச் சொன்னபோது அவருக்கு வயது 68. ஜேமிசன் எழுதியபோது அவர் பேராசிரியர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர்கள் சொன்னதை, வாசல்படியில் நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரிக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். இது எனக்கு எப்போதுமே கொஞ்சம் உறுத்தும்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பில் 7.04 என்று ஒரு விதி இருக்கிறது. பெற்றோருடனான உறவு, எடுத்துக்கொண்ட சிகிச்சை, அனுபவித்த கொடுமைகள் போன்றவற்றைச் சொல்லும்படி மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அப்படிக் கேட்கிற படிப்பு என்றால் சேர்க்கை அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது. விதிவிலக்கும் உண்டு. நல்ல விதிதான். ஆனால் நம்மை யார் கட்டாயப்படுத்துகிறார்கள்? 'உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது எது?' என்று படிவத்தில் ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம். அது போதும், நாமே கொட்டிவிடுவோம்.

நானும் கொட்டினேன். என்ன, நான் கொட்டியது என்னுடையதில்லை.

குழாய்ச் சத்தம்

என் அண்ணனுக்கு ஓசிடி. வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தும், அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். பதினேழு வயதில் ஆரம்பித்தது. என் முதல் விண்ணப்பத்தின் முதல் பத்தி அவனைப் பற்றியது. குளியலறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே குழாய் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். வெளியே வரும்போது கைகளை உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வருவான். விரல் முட்டிகளில் தோல் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாக ஒரு கோடு தெரியும். சோப்பு இரண்டே நாளில் நகக் கீற்றுப் போலத் தேய்ந்திருக்கும். 'சுத்தமா இருக்கா?' என்று என்னிடம் கையைக் காட்டிக் கேட்பான். இருக்கு என்பேன். அடுத்த நிமிடம் திரும்பக் கேட்பான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, பத்தியின் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன்: 'அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் என்னை இந்தத் துறைக்கு அழைத்து வந்தது.' இந்த வரிக்காக நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. படித்துப் பார்த்த பேராசிரியர் 'பிரமாதம்' என்றார். தோழி ஒருத்தி அழுதாள். அண்ணனிடம் காட்டவில்லை. அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

மூன்று பேர், ஒரு கேள்வி

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர்தான் கேள்வி கேட்டார்கள். மனதுக்குள் வலிய நுழையும் எண்ணத்துக்கும் பிரமைக்கும் என்ன வித்தியாசம், ஒரு சோதனை நம்பகமாக இருந்தும் செல்லுபடியாகாமல் போக முடியுமா, 'சாக வேண்டும் போலிருக்கிறது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்' என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள். எல்லாம் படித்துத் தயார் செய்திருந்தவைதான். ஆய்வில் உங்களுக்கு என்ன ஆர்வம் என்று தனியாகக் குடைந்தார்கள். இதையும் எதிர்பார்த்தேன். 1949இல் அமெரிக்காவில், கொலராடோவின் போல்டரில் துறைக்காரர்கள் கூடி, கிளினிக்கல் சைக்காலஜி படிப்பவர் ஆய்வாளராகவும் இருக்க வேண்டும், சிகிச்சை தருபவராகவும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்கப்புறம் இந்தத் துறையில் எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும் இந்த இரட்டைக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் வந்து நிற்கிறது. சமாளித்தேன். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் அதுவரை பேசவே இல்லை. என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். ஒரு விரல் முதல் பத்திமேல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலில் எந்தக் கடுமையும் இல்லாமல் கேட்டார்: "உங்கள் அண்ணன் இதைப் படித்தாரா?"

"இல்லை மேடம்."

"ஏன்?"

"அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று…" என்று இழுத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். சொல்லி முடிக்கும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. "சரி" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. இந்தக் கேள்வியால்தான் போயிற்று என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். நுழைவுத் தேர்வில் என் மதிப்பெண் விளிம்பில்தான் இருந்தது. தவிர, நேர்முகம் என்ற சடங்கின் லட்சணம் நம் துறைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே ஏறக்குறைய 20 ஆய்வுகளை அலசி, நிபுணர் ஆளைப் பார்த்துச் சொல்லும் கணிப்பைவிடச் சாதாரணக் கணக்குச் சூத்திரம் குறைந்தபட்சம் அதே அளவுக்கு, பெரும்பாலும் மேலாகவே கணிக்கிறது என்று காட்டிவிட்டார். 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி நேர்முகம் வைத்து 800 பேரை வரிசைப்படுத்தியது. சேர்க்கை முடிந்த பிறகு இன்னும் 50 பேரை எடுக்கும்படி மாநிலச் சட்டமன்றத்திடமிருந்து உத்தரவு வந்தது. மிச்சம் இருந்ததோ பட்டியலின் அடியில் கிடந்தவர்கள். பெரும்பாலும் 700வது இடத்துக்குப் பின்னால் இருந்தவர்களையே எடுத்தார்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதலில் தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் படிப்பிலும் சரி, நோயாளிகளைக் கவனிப்பதிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. கிடைக்காத கோபத்தில் இந்த இரண்டு கதையையும் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் கேள்வி போகவில்லை. நேர்முகம் நல்ல அளவுகோல் இல்லை என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாதே. இரவு பல் தேய்க்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, அந்தக் கடுமையில்லாத குரல் வந்து கேட்டுவிட்டுப் போகும். படித்தாரா?

திருத்தங்கள்

நான்கு மாதம் கழித்து அண்ணனிடம் கொடுத்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கண் கலங்குவான், அல்லது கத்துவான். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு ஒரு தீர்ப்புக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன் போல.

அவன் பேனா கேட்டான்.

மேஜைமேல் தாளை வைத்து, வங்கிப் படிவத்தைச் சரிபார்க்கிற மாதிரி வரி வரியாகப் படித்தான். 'எட்டு முறை கழுவுவான்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினான். "எட்டு சரியா வரலைன்னா இன்னொரு எட்டு. எட்டுல நின்ன நாள் கம்மி." 'கிருமிகளுக்குப் பயந்து' என்ற இடத்தில் பேனா நின்றது. "கிருமிக்கு யாரு பயந்தா? என் கையால யாருக்காவது ஏதாவது ஆயிடும்னுதான் பயம். உனக்கு. அம்மாவுக்கு." இத்தனை வருடம் பக்கத்து அறையில் இருந்திருக்கிறேன். ஓசிடி பற்றிப் பாடப் புத்தகத்தில் இருந்த எல்லா வரியும் எனக்குத் தெரியும். இதை நான் அவனிடம் கேட்டதே இல்லை.

பிறகு, "நீ கதவைத் தட்டினதைக் காணோமே" என்றான்.

தட்டியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. எனக்குப் பரீட்சை, குளிக்க வேண்டும், வெளியே வா என்று உள்ளங்கை சிவக்கிற அளவுக்குத் தட்டியிருக்கிறேன். ஒருமுறை வெளியிலிருந்து தண்ணீரையே அடைத்திருக்கிறேன். என் கட்டுரையில் இருந்த தங்கை கதவுக்கு வெளியே கண்ணீரோடு நின்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அப்புறம் அந்த 'சுத்தமா இருக்கா?' என்ற கேள்வி. இருக்கு இருக்கு என்று நான் சொன்ன பதில்களை என் பொறுமைக்குச் சாட்சியாக எழுதியிருந்தேன். ஓசிடியில் இப்படி வீட்டார் உறுதி சொல்லிக்கொண்டே இருப்பது அந்த நேரத்துப் பதற்றத்தை அடக்கும், நோய்க்குத் தீனி போடும். 1990களில் இதை அளக்க அளவுகோலே உருவாக்கிவிட்டார்கள். நான் தண்ணீரை அடைத்ததுகூட ஒரு வகையில் பழைய கதைதான். 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு ஓசிடி நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தபோது, கை கழுவும் நோயாளியின் அறையில் குழாயை நிறுத்திவைத்தார்கள். இன்று ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கும் உளவியல் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அந்த நோயாளியின் பக்கத்தில் செவிலியர் இருந்தார். பதற்றம் ஏறி இறங்கும்வரை கூட இருந்தார். நான் அடைத்துவிட்டு டிவி பார்க்கப் போனேன்.

இந்த இடத்தில் இன்னொரு பத்தி இருந்தது. இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் அண்ணனிடம் கொடுத்தேன். அதை எடு என்றான். எடுத்துவிட்டேன்.

கடைசியாகத் தாளை மடித்துக் கொடுக்கும்போது அவன் சொன்னதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதுல இருக்கிறவன் கை கழுவிட்டே இருக்கான். வேற எதுவுமே செய்யலையே." அப்போது அவன் சிகிச்சைக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கழுவுவது இரண்டு மூன்று தடவையாகக் குறைந்திருந்தது. அதற்காக அவன் என்ன பாடுபட்டான் என்பதை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். என் கட்டுரையில் அதில் ஒரு சொல் இல்லை. அவன் குணமாவது என் முதல் பத்திக்குத் தேவைப்படவில்லை.

இது என் தனிப்பட்ட பாவம் மட்டும்தானா என்றும் யோசித்திருக்கிறேன். இந்தத் துறையின் முதல் கதையே அடுத்தவர் கதைதான். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளரிடம் ஓர் ஆசிரியை 14 வயதுப் பையனைக் கூட்டி வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கண் பார்வையில் கோளாறு என்று கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு, தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே தொடங்கியதுதான் உலகின் முதல் உளவியல் கிளினிக். 1907இல் விட்மர் இந்தத் துறைக்குப் பெயரும் வைத்தார். நாங்கள் வரலாற்றுப் பாடத்தில் இதை ஒப்பிப்போம். அந்தப் பையன் எங்களுக்கு இன்றும் எழுத்துக் கூட்டத் தெரியாதவன்தான்.

பத்துக் கேள்வி

இரண்டாவது முறை விண்ணப்பித்தபோது அண்ணனைக் கேட்டேன். என்னை விட்டுடு என்றான். விட்டுவிட்டேன். முதல் பத்தி காலியாகிவிட்டது. அண்ணன் இல்லாமல் இந்தத் துறைக்கு வர எனக்கு வேறு காரணமே இல்லையோ என்று சில நாள் பயமாகக்கூட இருந்தது.

அந்த இடைப்பட்ட வருடத்தில் ஓர் ஆய்வில் உதவியாளராக இருந்தேன். ஓசிடியின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலை வைத்து, ஓசிடி உள்ளவர்களிடம் பேட்டி எடுப்பது என் வேலை. 1989இல் வந்த அளவுகோல். பத்துக் கேள்வி, மொத்தம் 40 புள்ளி. இந்த எண்ணங்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதில் ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஒன்று, எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் நான்கு. பார்க்க எளிது. மூன்று மணி நேரம் என்று சொல்லிவிட்டு, இல்லை இரண்டரை, இல்லை நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருவர் தவிக்கும்போது பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் கஷ்டம்.

ஒருவர் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, "நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது தடவை கேட்டபோது 'சரிதான்' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவர் முகம் தளரும், பேட்டி சீக்கிரம் முடியும், எனக்கும் நல்ல பெயர். வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ரொம்ப நேரம் போலிருந்தது. "திரும்பத் திரும்பக் கேட்கணும்னு தோணுது, இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "வீட்ல யாரும் இப்படிக் கேட்டதில்ல. சரி சரின்னு சொல்லிடுவாங்க" என்றார்.

அந்த அரை நிமிடத்தைத்தான் இரண்டாவது கட்டுரையின் முதல் பத்தியாக எழுதினேன், அவரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இல்லாமல். என் நாக்கு, என் பென்சில், நான் விழுங்கிய சொல். அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து பழக்கம் என்று எழுதவில்லை. இந்த முறை யாரும் அழவில்லை. பேராசிரியர் 'முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது' என்றார். எழுத்தாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

இடம் கிடைத்தது. அதற்குக் காரணம் அந்தப் பத்திதான் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வு மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தது. முந்தின வருடம் இல்லாத ஆய்வு அனுபவம் இருந்தது. நேர்முகத்தில் கட்டுரையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மையார் அந்த முறை குழுவில் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு சின்ன ஏமாற்றம் எனக்கு.

அவர் கேள்வி, என் கையில்

இந்தக் கதை முழுவதும் என் கையில் இருந்ததால், போன மாதம் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. கொஞ்சம் கெத்தாகவே ஒரே வரி எழுதினேன்: "அப்பா இதைப் படித்தாரா?"

பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "அப்பா இல்லக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு."

கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இருந்தார், சொன்னார், சிரித்தார் என்று எல்லாம் இறந்தகாலத்தில்தான் எழுதியிருந்தாள். கதை சொல்கிற இறந்தகாலம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு தடவை படித்திருக்கிறேன். காது கொடுத்துக் கேட்பது என் தொழில் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறவள் நான்.

உடனே கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நான்தான் தெளிவா எழுதல" என்றாள். அவள் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, வேறு வழியும் தெரியாமல், "உன் முதல் பத்தியில அப்பா கதவுக்கு உள்ளேயே இருக்காரு. வெளியில வந்தா என்ன செய்வாரு?" என்று கேட்டேன்.

நாற்பது நிமிடம் பேசினாள். அவர் கெட்டுப்போன கடிகாரங்களை வாங்கி வந்து பிரிப்பாராம். பாதியைத் திரும்பப் பூட்டத் தெரியாது. வீட்டில் ஒரே சமயத்தில் நான்கு கடிகாரம் நான்கு நேரம் காட்டுமாம். அந்த மூன்று மாதம் முடிந்து வெளியே வந்த அன்று, யாரிடமும் எதுவும் பேசாமல், நின்றுபோயிருந்த கூடத்துக் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினாராம். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்பது வருடம் இருந்தது, நல்ல ஒன்பது வருடம், போனது இதயத்தால் என்றாள். நான் கேட்கத் தயங்கியதை அவளே சொல்லிவிட்டாள்.

"இதெல்லாம் எஸ்ஓபில வராதேக்கா. வார்த்தைக் கணக்கு தாண்டிடும்."

"தாண்டும்" என்றேன்.

"அப்ப வைக்கலாமா, எடுத்துடலாமா?"

அப்பா படித்தால் எதை அடிப்பார் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. செத்துப்போன மனிதரை அவள் தலைமேல் பரிசோதகராக உட்கார வைக்கிற கேள்வி அது. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன், இங்கே எழுதியிருப்பதைவிடச் சுருக்கமாக. உம் கொட்டிக் கேட்டுக்கொண்டாள். பரிந்துரைக் கடிதம் ஒன்று இன்னும் வரவில்லை, அந்தப் பேராசிரியருக்கு எத்தனை முறை நினைவூட்டலாம் என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

கடைசித் தேதியன்று இரவு, அனுப்பிவிட்டேன் அக்கா என்று ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு படம். கட்டுரையாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். சுவரில் ஒரு கடிகாரம். ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று படத்தில் தெரியவில்லை. முதல் பத்தி என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.